அப்பாதுரையின் இழுவை வண்டி

பனையந்தாங்கலில் அந்த மார்கழியில் ரெண்டு அதிசயம் நடந்தது. ஒன்று, எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்து ஓடியது. இன்னொன்று, அப்பாதுரையின் டிராக்டர் நெருப்புக் கக்கியது. நியாயமாகப் பார்த்தால் சனம் ஏரிக்கரையில்தான் நின்றிருக்க வேண்டும். எங்கே! பொழுது சாய்ந்தால் போதும், ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். டிராக்டரின் நெட்டுக்குத்தான புகைக்குழாயில் முதலில் கன்னங்கரேலென்று புகை வரும். பிறகு அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு முழ உயரத்துக்கு மஞ்சளாக நெருப்பு எழும்பும். "தோ வந்துட்சி பாரு, தோ வந்துட்சி பாரு" என்று கத்துவார்கள், விசிலடிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாளும் போய் நிற்காதவள் அப்பாதுரையின் பெண்டாட்டி கிருஷ்ணவேணி.

மயிலத்துக்கு மேற்கே இருக்கிற இந்த ஊர்களில் கரும்பு போட்டவன் படுகிற பாட்டை அவனைத்தான் கேட்க வேண்டும். கார்த்திகையில் புயல் மழை அடித்து நொறுக்கும். ஆள் உயரக் கரும்பு அப்படியே படுத்துக்கொள்ளும். கொல்லை முழங்கால் சேறாகக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வரும். ஒரு வாரம் காயட்டும் என்றால் ஆலை கேட்குமா? வெட்டாளுங்க வந்து இறங்கிவிடுவார்கள். வெட்டிக் கட்டி டிரெய்லரில் ஏற்றினால் சக்கரம் அச்சு வரைக்கும் புதையும். இழுக்கிற டிராக்டரும் கூடவே புதையும். அப்போது முன்னால் இன்னொரு டிராக்டரைச் சங்கிலி போட்டுப் பூட்டி, வரப்பு தாண்டி, கால்வாய் தாண்டி, தார் ரோட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கென்றே இருப்பதுதான் இழுவை வண்டி. மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் அப்பாதுரைக்கு அதுதான் பிழைப்பு. மிச்ச நாளில் அந்த வண்டியிலேயே ஏர் ஓட்டுவார். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தங்கள் ஒண்ணரைக் காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள்.

போன வருஷம் சவுரிராயன் கொல்லையில் மானம் போயிற்று. சவுரிராயன் ஊரில் பெரிய கரும்புக்காரர், நாலு காணி போட்டிருந்தார். அவர் கொல்லையின் மேல் வரப்பில் லோடை ஏற்றும்போது அப்பாதுரையின் டிராக்டர் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது நின்றதுதான். கடைசியில் விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டியை வரவழைத்து, லோடையும் அப்பாதுரையின் டிராக்டரையும் சேர்த்து இழுத்துப் போட்டார்கள். "இழுக்கப் போனவனையே இழுத்துக்கினு வந்தாங்கப்பா" என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னான். அது போதாதா? ரெண்டு மாசம் அப்பாதுரை டீக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போட்டதைத் தின்பதும் இல்லை, சிரிப்பதும் இல்லை.

சித்திரையில் ரெண்டு பேருமாகத் திண்டிவனம் போய் கலீல் ரஹ்மானைப் பார்த்தார்கள். கலீல் கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் ஜெனரேட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து டீசல் பம்பு பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். டீசல் பம்பில் கம்பெனி வைத்த முத்திரையை உடைத்து, டீசலைக் கூட்டிவைத்து, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற பழைய லாரி டர்போ ஒன்றும் மாட்டித் தரச் சொல்லி அப்பாதுரை கேட்டார். கலீல் மாட்டேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, அடுப்பு எரியுதுன்னா நெருப்பு பானைக்கு அடியில இருக்கணும். வாசப்படி வரிக்கும் வந்து எரிஞ்சா சோறா வேவும்? டீசலு உள்ள எரிஞ்சாத்தான் பிஸ்டனத் தள்ளும். அளவுக்கு மேல உட்டா உள்ள எரிய காத்து பத்தாது, மிச்சம் கொழாயில வந்து எரியும். பாக்கறவனுக்கு சோக்கா இருக்கும். உள்ள சூட்டுல இன்ஜினு வெந்துபோவும்."

"அப்ப அவனவன் வெச்சிக்கினு ஓட்டறானே?"

"ஓட்டறவன் எத்தினி நாள் ஓட்டறான்னு போய்க் கேளுங்க."

அப்பாதுரை கேட்கப் போகவில்லை. பைபாஸ் ஓரம் ஏதோ ஒரு பட்டறைக்குப் போனார், கேட்டதையெல்லாம் செய்து வாங்கி வந்தார். கிருஷ்ணவேணி ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் நாள் நெருப்பு வந்தபோது அவளுக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு மனுஷன் வீட்டுக்கு வந்து ரெண்டு உருண்டை களி தின்று, வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! மறுநாள்தான் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொல்லை முழுக்கக் கரும்பின் காய்ந்த இலைச் சோகை கிடக்கிறது, அதற்கு நடுவில் இவர் நெருப்பைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு போகிறார், இது எங்கே போய் முடியுமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

காலையில் வண்டிக்கு ஆயில் பார்ப்பது எப்போதும் அவள் வேலை. ஆயில் கம்பியை உருவி, பழைய துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பாள். கம்பியில் ரெண்டு கோடு இருக்கும். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் சரி. சீசன் தொடங்கின பன்னிரண்டாம் நாள் பார்த்தால் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. முந்தின நாள் காலையில்தான் ஊற்றியிருந்தாள். டப்பாவைக் கவிழ்த்து மிச்சம் மீதி எல்லாம் வடியவிட்டு, மேல் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

அப்பாதுரை கேப்பைக் களியைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாங்க, இம்மாம் ஆயிலு எங்கதான் போவுது?" என்று கேட்டாள்.

"வேல செய்யற வண்டி குடிக்காதா? வெட்டாளு நாலு களி துன்றான், ஆபீசரு ரெண்டு இட்லி துன்றான். அப்படித்தான்."

"காத்தால பொகை நீலமா வருது."

"நீ ஒருத்திதான்டி பொகைக்குக் கலரு பாக்கற. ஊரே நெருப்பப் பாக்குது." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார். "இன்னிக்கு எங்க ஓட்டறேன் தெரியுமா? சவுரிராயன் கொல்ல. அவரா ஊட்டாண்ட வந்து கூப்ட்டாரு."

"அந்த மேல் வரப்பா?"

"அதே வரப்புதான்."

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கிருஷ்ணவேணி கூழையும் மல்லாட்டைத் துவையலையும் தூக்கில் வைத்துக் கொடுத்தாள். வண்டி கிளம்பின இடத்தில் குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு சொட்டு ஆயில் கறை கிடையாது.

மத்தியானம் மூணு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது, வீட்டில் ஆயில் டப்பா தீர்ந்துவிட்டது என்று. கலீலுக்குப் போன் போட்டாள். எப்போது கேட்டாலும் அவர் மயிலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்.

"பாய், பனையந்தாங்கலு கிருஷ்ணவேணி பேசறேன். அஞ்சு லிட்டரு டப்பா ஒண்ணு குடுத்து உடுங்க."

"திங்கக்கெழமதானக்கா ஒண்ணு குடுத்து உட்டேன்?"

"அது ஆயிப்போச்சு."

"ஆயிப்போச்சா? கரும்பு சீசன் தொடங்கி இதோட எத்தினி டப்பா?"

"நாலு ஆயிருக்கும். பன்னண்டு நாளா ஓடுதே."

கடையில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பி நிறுத்தச் சொன்னதும் கேட்டது.

"அக்கா, ஒழுவுதா எங்கனா?"

"ஒரு சொட்டு இல்ல."

"ஒழுவாம கொறையுதுன்னா உள்ள போயி எரியுதுன்னு அர்த்தம். பொகை நீலமா வருமே?"

"காத்தால வருது பாய்."

"நீங்க எவ்ளோ ஊத்தறீங்க?"

"மேல் கோட்டுக்கு மேல ரெண்டு வெரக்கட."

"மேலயா? யாரு சொன்னது அப்படி ஊத்தச் சொல்லி?"

"யாரும் சொல்லல. கொறைச்சலா ஊத்த மனசு வரல."

கிருஷ்ணவேணி பிறந்தது பிரம்மதேசத்துப் பக்கம். அந்தப் பக்கத்து வீடுகளில் மல்லாட்டை அளந்தால் படிக்கு மேல் கும்பமாக நிற்க வேண்டும். கையால் தலை தட்டி அளக்கிறவளுக்குக் கஞ்சப்பிசினாரி என்று பேர் வைத்து, மூணு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். விருந்தாளிக்கானாலும் மாட்டுக்கானாலும் அளவுக்கு மேல் ஒரு கை போடுகிற குடும்பம். புருஷனைச் சுமக்கிற வண்டிக்கு மட்டும் அவள் கோடு பார்த்து நிறுத்துவாளா?

கலீல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கேளுக்கா. டர்போவுல ஆயில் சீலு போயிருக்குது. அது வழியா இன்ஜின் ஆயிலு காத்தோட கலந்து உள்ள போவுது. நீ மேல மேல ஊத்தவும் அதுக்குக் கொண்டாட்டம். இப்ப கொஞ்சங் கொஞ்சமா குடிக்குது. பெரிய லோடா பூட்டி, சூடு ஏறி, சீலு மொத்தமா பிச்சிக்கிச்சின்னா அப்புறம் அது டீசல்ல ஓடாது. தன் ஆயிலயே குடிச்சி ஓடும். ஸ்டாப் கம்பிய இழுத்தாலும் நிக்காது, சாவியப் புடுங்கினாலும் நிக்காது. தன்னால ஏறிக்கினே போவும்."

"எது வரிக்கும்?"

"வெடிக்கற வரிக்கும். ஷார்ஜாவுல ஒரு ஜெனரேட்டரு அப்படி ஆச்சு. பக்கத்துல நின்ன ஆளு நம்ம மரக்காணத்துக்காரன். துண்டு இரும்பு வந்து இங்க அடிச்சிது, இங்க." எங்கே என்று போனில் தெரியவில்லை. கேட்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஐயோ பாய், அவரு இப்ப சவுரிராயன் கொல்லயில இழுத்துக்கினு இருக்காரு."

"ஜல்தி போயி நிறுத்தச் சொல்லு. நான் வண்டி எடுத்துக்கினு கெளம்பறேன். இன்னும் ஒண்ணு கேட்டுக்கோ. ஒருவேள பிச்சிக்கிச்சின்னா, கிளச்ச மிதிக்கக் கூடாது, சங்கிலிய அவுக்கக் கூடாது. பாரம் புடிச்சி இழுக்கறதாலதான் அது கொஞ்சமாவது அடங்கி ஓடும். பாரத்த உட்டா பறந்துடும். பானட்டு மேல காத்து இழுக்கற குண்டு இருக்குதே, ஈரச் சாக்கால அத இறுக்கி மூடணும். காத்து போவலன்னா எந்த எண்ணெயும் எரியாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. அப்பாதுரைக்கு ஒன்பது தடவை போன் போட்டாள். இன்ஜின் சத்தத்தில் அவர் காதில் எங்கே விழப்போகிறது? செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லை வழியே ஓடினாள். வரப்பெல்லாம் வழுக்கல். கால்வாயில் இடுப்புத் தண்ணீர் போனது, அதில் இறங்கித்தான் அந்தப் பக்கம் ஏறினாள். மேற்கே மேகம் கட்டி அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் கரும்புக்கு மேலே அந்த நெருப்பு ஒரு தரம் தெரிந்து மறைந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது நாலாவது லோடைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்பு வண்டி டிரைவர் ஆனந்தராஜ் ஒரு கையில் சங்கிலியும் ஒரு கையில் செல்போனுமாக நின்றான். வெட்டாளுங்க பெண்டு பிள்ளைகளோடு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வா தங்கச்சி," என்றார் சவுரிராயன். "ஒம் புருசன் இன்னிக்கு எங் குடும்பத்தையே தூக்கி நிறுத்திட்டான். மூணு லோடு பூமாதிரி ஏத்திட்டான். இதான் பெருசு."

கிருஷ்ணவேணி அவருக்குப் பதில் சொல்லாமல் டிராக்டரண்டை போனாள். "இந்தாங்க, கொஞ்சம் கீழ எறங்கி வாங்க."

"இன்னா?"

"பாய் சொன்னாரு. டர்போ சீலு போச்சாம். ஒடனே நிறுத்தச் சொன்னாரு."

அப்பாதுரை கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் மாட்டேன்னு சொன்னவன். இன்னொருத்தன் மாட்டி நல்லா ஓடுதுன்னதும் அவனுக்குப் பொறுக்கல. ஊட்டுக்குப் போ."

"அது இல்லீங்க. வெடிச்சிடுமாம். நிறுத்தினாலும் நிக்காதாம்."

"மூணு லோடு வெடிக்கல, நாலாவதுல வெடிக்குதா?"

"ஒங்க கால்ல வேணா உழறேன். வேணாங்க."

"கிருஷ்ணவேணி." அவர் அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "போன வருசம் இதே எடத்துலதான் என்ன சிரிச்சாங்க. இதே வரப்பு. இந்த ஒண்ண ஏத்திட்டு நீ சொல்றபடி கேக்கறேன். நாளைக்கே பாய் கிட்ட உடறேன். இப்ப எறங்கச் சொல்லாத."

கெஞ்சிய மாதிரி இருந்தது. நான்தான் கோட்டுக்கு மேல் ஊற்றினேன், அதனால்தான் இந்த ஆபத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள். அத்தனை பேர் நடுவில் வார்த்தை வரவில்லை. வெட்டாளுங்க உட்காரப் போட்டிருந்த கோணிச் சாக்கு ரெண்டை உருவிக்கொண்டு கால்வாய்க்குப் போய் முக்கித் தூக்கிவந்தாள்.

"இன்னா தங்கச்சி, சாக்கத் தொவைக்க வந்தியா?" என்றார் சவுரிராயன். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று டிராக்டரின் முன் பக்கம், பக்கவாட்டில் போய் நின்றுகொண்டாள்.

அப்பாதுரை ஆக்ஸிலேட்டரைக் கூட்டினார். சங்கிலி தெறித்து விறைத்தது. பின்னால் ஆனந்தராஜும் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு முன்னால் சாத்திவைத்துவிட்டுத் தன் வண்டியை முறுக்கினான். புகை வந்தது, நெருப்பு வந்தது, கூட்டம் ஊளையிட்டது. லோடு அசைந்து ஒரு முழம் ஏறியது, ரெண்டு முழம் ஏறியது, மேல் வரப்பில் பின் சக்கரம் கடித்துக்கொண்டு நின்றது. அப்பாதுரை இன்னும் அழுத்தினார். அப்போதுதான் சத்தம் மாறியது.

அந்தச் சத்தத்தை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கர்ரென்று அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்த இன்ஜின், கீச்சென்று மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கறுப்புப் புகை போய் வெள்ளையும் நீலமுமாகக் கொல்லையையே மூடுகிற மாதிரி கொட்டியது. அதற்குள்ளிருந்து நெருப்பு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. முதலில் கைதட்டினார்கள். அப்புறம் அப்பாதுரையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஆக்ஸிலேட்டரை முழுக்கக் குறைத்துவிட்டு, ஸ்டாப் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் அதைச் சட்டைசெய்யவே இல்லை.

பழக்கதோஷத்தில் கிளச்சை மிதித்துவிட்டார். பாரம் விட்டதும் இன்ஜின் வீறிட்டது. பானெட் முழுக்க வெடவெடவென்று நடுங்கியது.

"யோவ், கால எடு! கிளச்ச உடுய்யா!" அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ஈரச் சாக்கை அவர் முகத்துக்கு நேரே வீசி ஆட்டினாள். "கால எடுய்யா, பாவி!"

ஆனந்தராஜ் குதித்து ஓடிவந்து சங்கிலிக் கொக்கியில் கையை வைத்தான். "அவுக்காதடா! அவுத்தா செத்தான் அவன்!" என்று அலறினாள். அவன் பயந்துபோய்க் கையை எடுத்தான். வரப்பில் இருந்தவர்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். தீப்பொறி விழுந்து ஒரு மூலையில் சோகை பற்றிக்கொண்டது. சவுரிராயன் மேல்துண்டை அவிழ்த்துக்கொண்டு அதை அடிக்கப் போனார்.

அப்பாதுரைக்கு எப்படியோ புரிந்தது. காலை எடுத்தார். டிராக்டர் முன்னால் பாய்ந்தது, சங்கிலி இழுத்துப் பிடித்தது, பின் சக்கரம் சேற்றைத் தோண்டிக்கொண்டு இறங்கியது. பாரம் விழவும் கீச்சு கொஞ்சம் இறங்கியது. அந்தக் கொஞ்சம்தான் நேரம் என்று கிருஷ்ணவேணிக்குத் தெரிந்தது. முன் அச்சில் கால் வைத்து, பானெட்டைப் பிடித்து ஏறினாள். காத்துக் குண்டும் புகைக்குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு கைதான் இடைவெளி. சாக்கை மடித்துக் குண்டின்மேல் போட்டதும் குண்டு அதை உள்ளே உறிஞ்சியது. மேலே இன்னொரு சாக்கைப் போட்டு, இடது கையால் சுற்றிக் கட்டிப்பிடித்து, நெஞ்சை அதன்மேல் கொடுத்து அழுத்தினாள். நெருப்பு இடது தோளுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. தலைமயிர் கருகுகிற நாற்றம் வந்தது. கை எரிகிறதா, அது தன் கைதானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. விட்டால் அவர் போய்விடுவார் என்பது ஒன்றுதான் தெரிந்தது.

இன்ஜின் ஒரு தரம் இருமியது. மறுபடி ஒரு தரம். உடம்பைக் குலுக்கிப் போட்டுவிட்டு நின்றது.

சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாருக்கும் காது கேட்கவில்லை. அப்பாதுரைதான் அவளைக் கீழே இறக்கினார். இடது கை முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் தோல் வழன்று தொங்கியது. "பல்லு வெளக்கற பேஸ்ட்டு கொண்டாங்கடா" என்று யாரோ சொன்னார்கள். பைக்கில் வந்து இறங்கிய கலீல் அந்த ஆளைப் பிடித்துத் தள்ளினார். "ஒண்ணும் தடவாத, எல்லாரும் தள்ளு." குடம் குடமாகத் தண்ணீர் மொண்டுவரச் சொல்லி அவள் கைமேல் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தார். "அக்கா, நீ மனுசியே இல்லக்கா," என்றார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

சவுரிராயன் காரில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பின்னால் கிருஷ்ணவேணியின் பக்கத்தில் கலீலும், முன்னால் அப்பாதுரையும் உட்கார்ந்திருந்தார்கள். மயிலம் தாண்டும் வரைக்கும் அப்பாதுரை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அழுகிறாரோ என்று கிருஷ்ணவேணி நினைத்தாள். உண்மையிலேயே ஒரு தரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாங்க," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். "நான்தான் தெனமும் மேல் கோட்டுக்கு மேல ஊத்தினேன். அதனாலதான் ஜாஸ்தியாச்சாம்."

"அதுக்கு இன்னா இப்ப. நல்லாத்தான இழுத்துது," என்றார். பிறகு கலீல் பக்கம் திரும்பினார். "பாய், இன்ஜினு ஜாமாவல. நீ இவளுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தப்ப நான் கையால சுத்திப் பாத்தேன். சுத்துது. சீலு மட்டும் மாத்தினா போதுமில்ல?"

கலீல் அவரையே பார்த்தார்.

"பொதங்கெழம கூட்டேரிப்பட்டுப் பக்கம் ரெண்டு கொல்ல ஒத்துக்கினேன். ஆனந்தராஜு புடிச்ச வீடியோவ ஊரே பாக்குதாம். இப்பவே மூணு பேரு மெசேஜ் போட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "கிருஷ்ணவேணி, ஆஸ்பத்திரில டிராக்டருன்னு சொல்லிடாத. பம்பு சீலு ஒடைச்சது, டர்போ மாட்டினது எல்லாம் வெளிய வந்தா வண்டியத் தூக்கிடுவாங்க. அடுப்புல பட்டுட்சின்னு சொல்லிடு."

கிருஷ்ணவேணிக்குக் கை அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. ஊற்றினது தன் தப்பு என்று நினைத்துப் அவ்வளவு தூரம் உள்ளுக்குள் செத்துக்கொண்டு வந்தவள் அவள். இந்த மனுஷன் அவள் கை வெந்து கிடக்கும்போது இன்ஜினைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்! அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி நர்ஸ் பானுப்ரியா சீட்டை எடுத்துக்கொண்டு, எப்படி ஆச்சு என்று கேட்டது. அப்பாதுரை முந்திக்கொண்டார். "அடுப்புலமா. சமைக்கறப்ப பொடவ புடிச்சிக்கிச்சி."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. கிருஷ்ணவேணியின் கையைப் பார்த்தது, கருகின தலையைப் பார்த்தது, அப்பாதுரையை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்க வெளிய இருங்க," என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு பெண் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தது. திரையை இழுத்துவிட்டார்கள்.

"பயப்படாதம்மா," என்றாள் போலீஸ்காரி. நோட்டு திறந்திருந்தது. "அவரு வெளியதான் இருக்காரு, இங்க வர முடியாது. உள்ளதச் சொல்லு. ஊத்திக் கொளுத்தினாரா?"

"ஐயோ, இல்லம்மா!" கிருஷ்ணவேணி பதறிப்போனாள். "இருவத்தி நாலு வருசத்துல என்ன ஒரு அடி அடிச்சதில்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அடுப்புல பட்டா முன்னால படும். ஒனக்குத் தோள்ல பட்டிருக்குது, கைய சுத்திப் பட்டிருக்குது. யாரக் காப்பாத்தற?"

கிருஷ்ணவேணி திரை ஓரமாக வெளியே பார்த்தாள். நடையில் அப்பாதுரை நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தனுக்குச் செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கீச்சுச் சத்தம் சின்னதாக இங்கே வரைக்கும் வந்தது. நெருப்பு எவ்வளவு உயரம் வந்தது என்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். முகத்தில் காலையில் பார்த்த அதே வெளிச்சம்.

"அடுப்பு இல்லம்மா," என்றாள். "டிராக்டரு. எங்க ஊட்டு டிராக்டரு. பம்பு சீலு ஒடைச்சி, லாரி டர்போ மாட்டி, நெருப்பு கக்க உட்டு ஓட்டறாரு. இன்னிக்கு நான் ஏறி நிறுத்தினேன். பொதங்கெழம திரும்ப ஓட்டப்போறாராம். எழுதிக்க."

போலீஸ்காரி பேனாவை நிறுத்தினாள். "எழுதினா வண்டிய எடுத்துக்கினு போயிடுவாங்கம்மா. அது பொழைப்பு இல்லியா ஒங்களுக்கு?"

"பொழைப்புதான்."

"யோசிச்சி சொல்லு."

"யோசிச்சிட்டேன். வண்டி நம்பரு சொல்றேன், எழுதிக்க."

டி.என். பதினாறு என்று ஆரம்பித்தாள். நடை வரைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். தன் வண்டி நம்பர் காதில் விழவும் அப்பாதுரை திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். "இன்னாடி சொல்ற?" என்றார். அவர் கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி நிறுத்தவில்லை. கடைசி ரெண்டு நம்பரையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.